சோலைக்கிளி, சோலைமந்தி: இரண்டும் ஒரே சோலையிலா?

அறிவியல்_வாத்தியார் எழுதியது:

வணக்கம். மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வகைப்பாட்டியல் பாடத்துக்கு ஒவ்வொரு வருடமும் சிங்கம், புலி, பூனை என்றே உதாரணம் காட்டி எனக்கே அலுத்துவிட்டது. இந்த முறை நம் மலையிலேயே இருக்கும் இரண்டு உயிர்களை எடுத்துக்கொண்டு, வகைப்பாடு, வாழிடம், பாதுகாப்பு என்று மூன்று கட்டம் போட்டு ஒப்பிடச் சொன்னேன். ஒன்று பாட்டுப் பறவையான நீலகிரி சோலைக்கிளி. இன்னொன்று சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு. இரண்டு பெயரிலும் சோலை இருக்கிறதே என்றுதான் தேர்ந்தெடுத்தேன்.

வாழிடக் கட்டத்தில் இரண்டுக்கும் சேர்த்து ‘மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைக்காடு’ என்று பலகையில் எழுதினேன். ஒரு மாணவி எழுந்து, “சார், மந்தி மேலே உட்கார்ந்து பழம் தின்னும்போது கீழே அந்தப் பறவை நிற்குமா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது என்ன கிளி வகையா என்றும் பையன்கள் கேட்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

புள்நோக்கி எழுதியது:

நல்ல ஜோடியைப் பிடித்திருக்கிறீர்கள் சார். முதலில் கிளி விஷயம். நமக்குக் கிளி என்றால் பச்சைக்கிளிதான். மலையாளத்தில் அப்படியில்லை, சிறு பறவை எதையும் கிளி என்பார்கள். அந்தப் பொருளில் எடுத்துக்கொண்டால்தான் சோலைக்கிளி என்ற பெயர் பொருந்தும். இதன் அலகு மெல்லியது, பூச்சி பிடிப்பதற்கானது. கிளிக்கும் இதற்கும் உறவே கிடையாது.

இந்தப் பறவைக்குச் சரியான இடம் கிடைக்க அறிவியலுக்கு ஏறக்குறைய 180 வருடம் பிடித்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்டன் என்ற பறவையியலாளர் இதை விவரித்தார். அதன்பின் வெகுகாலம் இமயமலையின் குட்டைச்சிறகுப் பறவைகளோடு பிராக்கிப்டெரிக்ஸ் என்ற பேரினத்தில் வைத்திருந்தார்கள். நீண்ட கால், தரையோர வாழ்க்கை, இருட்டான புதர் இவற்றைப் பார்த்து அப்படி முடிவுசெய்தார்கள். 2005இல் மையோமெலா என்ற இன்னொரு பேரினத்துக்கு மாற்றினார்கள். அப்புறம் 2017இல் வி.வி. ராபின், சுஷ்மா ரெட்டி, உமா ராமகிருஷ்ணன் முதலான ஆய்வாளர்கள் மரபணுவைப் பார்த்தபோது இரண்டுமே தவறு என்று தெரிந்தது. இதன் நெருங்கிய உறவு நீல ஈப்பிடிப்பான்களோடுதான். அதனால் ஷோலிகோலா என்று புதுப் பேரினமே உண்டாக்கினார்கள். ‘சோலையில் குடியிருப்பது’ என்று பொருள். நம் சொல் ஒன்று லத்தீன் வால் ஒட்டி உலக வகைப்பாட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதை மாணவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

முழு வரிசை வேண்டுமானால்: பறவைகள் வகுப்பு, பாசரிஃபார்மிஸ் வரிசை, மஸ்கிகாபிடே குடும்பம், ஷோலிகோலா பேரினம், மேஜர் சிற்றினம்.

மலைமுகடு எழுதியது:

மந்தியின் வரிசையை நான் தருகிறேன். பாலூட்டிகள் வகுப்பு, பிரைமேட் வரிசை, செர்கோபித்திசிடே குடும்பம், மக்காக்கா பேரினம், சைலெனஸ் சிற்றினம். 1758இல் வகைப்பாட்டியலின் தந்தை லின்னேயஸே பெயர் வைத்துவிட்டார். பேரினம் மாறியது, சைலெனஸ் என்ற பெயர் அன்றிலிருந்து நிலையாக இருக்கிறது. முகத்தைச் சுற்றி வெள்ளிநிறப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். இதை வேறொன்றாகக் குழப்பிக்கொள்ள வழியில்லை.

ஊர் விஷயத்தில் மட்டும் ஒரு தவறு நேர்ந்தது. இது இலங்கையிலிருந்து வந்த குரங்கு என்று அந்தக் காலத்தில் எழுதிவிட்டார்கள். இலங்கையின் மந்திக்குச் சிங்களத்தில் உள்ள வந்துரு என்ற பெயரைத் திரித்து, ஐரோப்பியர்கள் நம் சோலைமந்தியை ‘வாண்டரூ’ என்றே அழைத்தார்கள். உண்மையில் இது மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை.

தெருவில் சுற்றும் நாட்டுக்குரங்கும் இதுவும் ஒரே பேரினம்தான். ஆனால் பேரினத்துக்குள் பார்த்தால் நாட்டுக்குரங்கின் நெருங்கிய சொந்தம் இலங்கையின் செங்குரங்கு. சோலைமந்தியின் சொந்தங்கள் தென்கிழக்கு ஆசியாவின் பன்றிவால் குரங்குகளும் சுலவேசித் தீவின் குரங்குகளும். பக்கத்து மரத்தில் உட்கார்ந்திருப்பதைவிடக் கடல் கடந்து இருப்பது நெருங்கிய உறவு என்பது ஒன்பதாம் வகுப்புக்குப் பிடிக்கும்.

தமிழ் வாத்தியார் யாராவது கேட்டால் இதையும் சொல்லலாம். மந்தி என்பது பழைய தமிழில் பெண்குரங்கு, ஆணுக்குக் கடுவன் என்று தனிச்சொல். இன்றைக்குச் சோலைமந்தி இரண்டையும் குறிக்கிறது.

ஊட்டிப்பையன் எழுதியது:

மாணவி கேட்டதற்கு நான் சொல்கிறேன். நிற்கும். ஊட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சோலையில் கறுப்பாக, பிடரி வைத்த குரங்குகள் வரும். அதே சோலையில் விடிகாலையில் நீலப் பறவை பாடும். இரண்டையும் நானே பார்த்திருக்கிறேன்.

எஸ்டேட்_மகள் எழுதியது:

தம்பி, நீங்கள் பார்த்தது சோலைமந்தி இல்லை, கருமந்தி. நீலகிரி லங்கூர் என்பார்களே, அதுதான். இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு, தப்பில்லை. கருமந்திக்குத் தலைமயிர் பழுப்பு மஞ்சளாக இருக்கும், வால் நீளமாகக் கீழே தொங்கும், குஞ்சம் கிடையாது. இலையும் தளிருமே அதற்கு முக்கிய உணவு. அதனால் குளிர்ந்த மேல்சோலையிலும் அதற்குப் பிழைக்க முடிகிறது. சோலைமந்திக்கு அது முடியாது.

நான் பிறந்து வளர்ந்தது வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில். சோலைமந்தியைப் பார்த்துத்தான் வளர்ந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அதற்குப் பழம் வேண்டும், கொட்டை வேண்டும், பூந்தேன் வேண்டும், இடையிடையே பூச்சியும் வேண்டும். வருடம் முழுக்க ஏதாவது ஒரு மரம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு அடிப்படை வெடிப்பலா. முள் முள்ளாகக் காய்க்கும் உயரமான மரம், குரங்குப்பலா என்றும் சொல்வோம். பூ விட்டால் பூவைத் தின்னும், காய் முற்றினால் கிழித்து விதையைத் தின்னும். இந்த மரம் செழித்து நிற்கும் மழைக்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டரிலிருந்து 1,400 மீட்டர் வரைதான். அதற்கு மேலே போகப்போக மரம் குட்டையாகி, கிளை முறுக்கிக்கொண்டு, பாசி பிடித்து, நீங்கள் ஊட்டியில் பார்க்கும் சோலையாக மாறிவிடும். அங்கே புல்வெளியும் மடிப்புச் சோலையும் மாறி மாறி வரும். சோலைக்கிளியின் ராஜ்ஜியம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஆகவே அந்த மாணவிக்குப் பதில்: பெரும்பாலும் நிற்காது. ஒரே மலைதான், ஆனால் மாடி வேறு. நாம் எல்லாக் காட்டையும் சோலை என்று சொல்லிவிடுவதால் வந்த மயக்கம் இது.

புள்நோக்கி எழுதியது:

எஸ்டேட்_மகள் சொன்னது மிகச் சரி. பறவையின் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேல்சோலைகளைக் கடலில் மிதக்கும் தீவுகள் போல நினைத்துக்கொள்ள வேண்டும். சுமார் 1,400 மீட்டருக்கு மேல் உள்ள முகடுகள்தான் தீவுகள், நடுவில் உள்ள வெப்பமான பள்ளங்கள்தான் கடல். சோலைக்கிளிக்குச் சிறகு இருந்தும் அந்தக் கடலைத் தாண்டாது. அதன் வாழ்க்கை முழுவதும் தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குள், ஈரமான புதரடியில். வெயில் விழும் திறந்த வெளியில் நெடுந்தூரம் பறக்கிற பழக்கம் அதற்கு இல்லை.

அதனால்தான் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒரு சோலைக்கிளி, தெற்கே ஆனைமலை, பழனிமலைப் பக்கம் வெள்ளை வயிற்றோடு இன்னொரு சோலைக்கிளி, செங்கோட்டைக் கணவாயையும் தாண்டி அகத்தியமலைத் தொடரில் மூன்றாவது ஒன்று. இந்த மூன்றாவதுக்கு அசம்பு சோலைக்கிளி என்று பெயர். 2017இல்தான் அது தனிச் சிற்றினமாக விவரிக்கப்பட்டது. சிரிப்பான்கள் என்ற சோலைப் பறவைகளிலும் இதே கதை நடந்திருக்கிறது, அவற்றுக்கும் அதே ஆய்வில் மாண்டிசிங்க்ளா என்ற புதுப் பேரினம் கிடைத்தது.

பாட்டுப் பறவை என்ற சொல்லையும் விளக்கிவிடுங்கள் சார். அழகாகக் கூவுவதெல்லாம் பாட்டுப் பறவை இல்லை. குயில் அந்தக் கூட்டத்தில் சேராது, காக்கை சேரும். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் இவற்றுக்கு நுட்பமான தசைகளோடு ஒரு குரலுறுப்பு இருக்கிறது. குஞ்சு தன் பாட்டைப் பெரியவற்றிடம் கேட்டுக் கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொள்வதால் இடத்துக்கு இடம் பாட்டு மாறும். வெள்ளைவயிற்றுச் சோலைக்கிளியின் பாட்டைப் பதிவுசெய்து 2016இல் ஓர் ஆய்வு வந்தது. பழைய கணவாய்கள் பிரித்த கூட்டங்களின் பாட்டிலும், சமீபத்தில் காடழிந்து பிரிந்த கூட்டங்களின் பாட்டிலும் வேறுபாடு இருந்தது. இரண்டு வகைப் பிரிவும் பாட்டின் வெவ்வேறு கூறுகளில் தெரிந்தது. நாம் வெட்டிய காட்டின் தடம் ஒரு பறவையின் குரலில் பதிந்துவிட்டது என்று படித்த அன்று எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

மலைமுகடு எழுதியது:

பாலக்காட்டுக் கணவாய் சோலைமந்தியையும் பிரித்திருக்கிறது. மரபணுவில் கணவாய்க்கு வடக்கே உள்ளவையும் தெற்கே உள்ளவையும் தனித்தனிக் கூட்டங்களாகத்தான் தெரிகின்றன. ஆனால் பிரிந்தவை தனிச் சிற்றினங்களாக ஆகவில்லை. அட்டவணையில் இது ஒரு நல்ல வரியாக இருக்கும்.

மரநேசன் எழுதியது:

நான் பாதுகாப்புப் பக்கம் வருகிறேன். என் கருத்து எளிமையானது. சோலைமந்தியைக் காப்பாற்றினால் போதும், மற்ற எல்லாம் அதன் நிழலில் பிழைத்துக்கொள்ளும். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அதுதானே நடந்தது? 1970களில் அங்கே குந்திப்புழை ஆற்றில் நீர்மின் அணை கட்டப் போனார்கள். பத்து வருடத்துக்கும் மேலான போராட்டம். அந்தக் குரங்கின் முகம்தான் அதன் அடையாளம். 1984இல் தேசியப் பூங்கா ஆனது. ஒரு சின்னப் பறவையின் படத்தைக் காட்டி அந்த அணையை நிறுத்தியிருக்க முடியுமா? மக்களுக்கு முகம் வேண்டும். அதனால் பணமும் கவனமும் மந்திக்கே போகட்டும்.

புள்நோக்கி எழுதியது:

மரநேசன், அமைதிப் பள்ளத்தாக்கு பற்றிச் சொன்னதை முழுமனதோடு ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பூங்கா 2,383 மீட்டர் உயரமுள்ள அங்கிந்தா முகடு வரை ஏறுகிறது. மந்திக்காகக் காப்பாற்றிய ஆற்றோடு மேல்சோலையும் புல்வெளியும் சேர்ந்து தப்பித்தன. நம் களக்காட்டையும் சொல்ல வேண்டும். 1976இல் அந்தச் சரணாலயம் சோலைமந்தியை மனதில் வைத்தே அறிவிக்கப்பட்டது. பிற்பாடு முண்டந்துறையோடு சேர்ந்து புலிகள் காப்பகம் ஆனது. அகத்தியமலைத் தொடரின் உயரங்களில் அப்போதும் அசம்பு சோலைக்கிளி பாடிக்கொண்டுதான் இருந்தது. அதற்குப் பெயர் கிடைக்க இன்னும் 41 வருடம் இருந்தது. மந்தியின் நிழல் அதன்மேல் விழுந்திருக்கிறது. நன்றியோடுதான் சொல்கிறேன்.

ஆனால் நீலகிரியின் மேல்மட்டத்துக்கு வாருங்கள், கொடைக்கானலுக்கு வாருங்கள். அந்த உயரத்தில் சோலைமந்தி இல்லை, அதன் நிழலும் இல்லை. அங்கே நடந்தது வேறு. தோல் பதனிடச் சீகை மரம் (வாட்டில்), மரக்கூழுக்கும் விறகுக்கும் கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன். வெள்ளைக்காரன் ஆரம்பித்ததைச் சுதந்திரத்துக்குப் பிறகு நாம் இன்னும் வேகமாக நட்டோம். பழனிமலையில் 1973இலிருந்து நாற்பது வருடத்தில் இயற்கைப் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. சோலையும் குறைந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சை. யாருக்கும் காடு அழிந்த மாதிரியே தோன்றவில்லை.

நீலகிரி சோலைக்கிளியும் சோலைமந்தியும் அழிவு அபாயத்தைத் தரம்பிரிக்கும் உலகச் சிவப்புப் பட்டியலில் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன: அழியும் நிலை. மந்தியின் பெயர் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலிலும் உண்டு. தெருவில் பத்துப் பேரிடம் கேட்டால் நான்கு பேராவது சிங்கவால் குரங்கு என்று சொல்வார்கள். சோலைக்கிளி என்று ஒருவர் சொல்வாரா?

எஸ்டேட்_மகள் எழுதியது:

மந்தி புகழோடு இருக்கிறது என்பதற்காக அது நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. முழு வளர்ச்சி அடைந்தவை மொத்தம் 2,500க்கும் குறைவு என்றுதான் மதிப்பிட்டிருக்கிறார்கள். பெண் மந்தி முதல் குட்டி போடவே ஆறேழு வயது ஆகிறது. அடுத்த குட்டிக்கு இரண்டரை வருடம் போலக் காத்திருக்க வேண்டும். ஒரு தாய் வண்டியில் அடிபட்டால் அந்தக் கூட்டம் அதை ஈடுகட்டப் பல வருடம் ஆகும்.

வால்பாறையில் புதுத்தோட்டம் என்று ஓர் இடம். நூறு ஹெக்டேருக்கும் குறைவான காட்டுத் துண்டு. சுற்றிலும் தேயிலை, நடுவில் சாலை. அந்தத் துண்டுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மந்திகள். உச்சிக்கிளையை விட்டு இறங்கவே விரும்பாத உயிர் அது. கிளையோடு கிளை சேராததால் சாலையில் இறங்கி நடக்கக் கற்றுக்கொண்டது. பிறகு கூரை ஓட்டைப் பிரித்து அடுப்படிக்குள் வரவும் கற்றுக்கொண்டது. என் அம்மா ஊறவைத்த அரிசியோடு குண்டானையே தூக்கிக்கொண்டு போன நாள் நினைவிருக்கிறது. அம்மாவுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. “அதோட வீட்டை நாம எடுத்துக்கிட்டோம், அது நம்ம வீட்டுக்கு வருது” என்றார்.

சுற்றுலா வருபவர்கள் வண்டியை நிறுத்திச் சிப்ஸ் போடுகிறார்கள். அந்தப் பழக்கத்தால்தான் அடுத்த வண்டிக்கு முன்னால் போய் நிற்கிறது. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் வனத்துறையோடு சேர்ந்து சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். தீயணைப்பு வண்டியின் பழைய குழாயைப் பின்னிச் செய்தவை. மந்திகள் முதலில் சந்தேகத்தோடு பார்த்தன. இப்போது குட்டியை வயிற்றில் கவ்வவைத்துக்கொண்டு வரிசையாகக் கடக்கின்றன. காவலுக்கு நிற்கும் வாட்ச்சர்கள் வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்கிறார்கள். இது மந்திக்கான வைத்தியம். சோலைக்கிளிக்கு இந்தப் பாலத்தால் ஒரு பயனும் இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன் புள்நோக்கி. அதற்கு வேண்டியது என்ன, சொல்லுங்கள்.

புள்நோக்கி எழுதியது:

அடிக்காடு வேண்டும். மேலே மரம் நின்றால் போதாது. விறகு பொறுக்கி, மாடு மேய்த்து, பாதை போட்டுக் கீழ்ப்புதரைச் சுத்தம் செய்துவிட்டால் மரம் அப்படியே நிற்கும், பறவை போய்விடும். மரப்பொந்திலும் ஓடைக்கரை மண்சரிவின் குழியிலும் கூடு வைக்கும், இரண்டு முட்டைதான் இடும். அதனால் ஓடைக்கரை முக்கியம். இருக்கும் சோலைத் துண்டுகளை இணைக்கும் ஓடையோரப் பச்சையை விட்டுவைக்க வேண்டும்.

சீகையை அகற்றுவதிலும் அவசரப்படக் கூடாது. பழைய சீகைத் தோப்பின் நிழலில் சில இடங்களில் சோலைக் கன்றுகள் தாமாக முளைத்து வருகின்றன. அங்கே எந்திரத்தை விட்டு மொத்தமாகப் பிடுங்கினால் கன்றும் சேர்ந்து போகும். புல்வெளியில் ஏறிய சீகையை எடுங்கள், சோலை முளைக்கிற இடத்தில் பொறுத்திருங்கள்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. மலை சூடானால் கீழ்மட்டத்தில் இருப்பவை மேலே நகரப் பார்க்கும். முகட்டிலேயே இருப்பது எங்கே நகரும்?

மரநேசன் எழுதியது:

நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். மந்தி இருக்கும் மலையில் மந்தியை முன்னிறுத்தலாம். மந்தி இல்லாத மேல்மலைக்குத் தனி முகம் வேண்டும். வடகன்னடத்தில் சிர்சி, ஹொன்னாவர் பக்கம் 2011இல் அகநாசினி சிங்கவால் குரங்குக் காப்பிடம் என்று அதன் பெயரிலேயே அறிவித்தார்கள். சோலைக்கிளியின் பெயரில் அப்படி ஒன்று அமைந்தால் முதல் ஆளாக நானே வந்து நிற்பேன்.

எஸ்டேட்_மகள் எழுதியது:

ஆசிரியருக்கு ஒரு யோசனை. கோத்தகிரியில் லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர்தான், ஊருக்கு ஒட்டியே இருக்கிறது. சுற்றியுள்ள கிராமங்களுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. 2024 ஜனவரியில் பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ராம்சார் ஈரநிலமாகவும் சேர்த்திருக்கிறார்கள். நீலகிரி சோலைக்கிளி அங்கே உண்டு. வனத்துறையிடம் அனுமதி வாங்கிப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.

அறிவியல்_வாத்தியார் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று வகுப்பில் வாழிடக் கட்டத்தை அழித்துவிட்டு, பலகையில் ஒரு மலையைப் பக்கவாட்டில் வரைந்தேன். 1,400 மீட்டரில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வெடிப்பலாவும் மந்தியும், மேலே குட்டை மரமும் சோலைக்கிளியும். கேள்வி கேட்ட மாணவியையே கூப்பிட்டு உன் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது என்றேன். அவள் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அந்தக் கோட்டிலேயே ஒரு மரம் இருந்தா, சார்?” என்றாள். கோட்டில் நிற்கும் சோலைகளுக்கு நேரில் போய்ப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று சொல்லியிருக்கிறேன்.

கோத்தகிரி போக அனுமதிக்கு எழுதிவிட்டேன். ஒரு சந்தேகம். செல்போனில் அதன் பாட்டைப் போட்டால் வெளியே வருமாமே, போடலாமா?

புள்நோக்கி எழுதியது:

தயவுசெய்து போடாதீர்கள். வேறொரு ஆண் தன் இடத்துக்குள் வந்துவிட்டது என்று நினைத்துத்தான் அது வெளியே வரும். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை கூடு வைக்கும் காலம். அந்த நேரத்தில் கூட்டை விட்டுவிட்டு உங்கள் போனோடு சண்டைக்கு நிற்கும். அதற்குப் பதிலாக, வெளிச்சம் வருமுன்பே போய் ஓடைக்கரைப் பாதையில் பிள்ளைகளைப் பத்து நிமிடம் பேசாமல் உட்காரவையுங்கள். முதல் பாட்டு தரைக்குப் பக்கத்திலிருந்துதான் வரும். மேலே பார்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.